பயாலஜில வர்ற செல் (உயிரணு) பத்தி என்ன டவுட்னாலும் கேளுங்க

கே: அக்கா, டிஃப்யூஷனும் ஆஸ்மோசிஸும் ஒண்ணுதானே?

ப: கிட்டத்தட்ட. டிஃப்யூஷன்னா எந்தப் பொருளா இருந்தாலும் அதிகமா இருக்குற இடத்துலேர்ந்து கம்மியா இருக்குற இடத்துக்கு தானா பரவுறது. ஆஸ்மோசிஸ்னா தண்ணி மட்டும், அதுவும் சவ்வு வழியா. மாங்கா துண்டுல உப்பு போட்டா தண்ணி விடுதுல்ல, அதேதான்.

கே: அப்ப ட்ரிப்ஸ்ல ஏன் உப்புத்தண்ணி ஏத்துறாங்க?

ப: சூப்பர் கேள்வி! வெறும் தண்ணிய ரத்தத்துல ஏத்தினா அது சிவப்பணுவுக்குள்ள புகுந்து ஊதி வெடிச்சிடும், அதனாலதான் 0.9 சதவீதம் உப்பு, அந்த அளவுல உள்ள போற தண்ணியும் வெளிய வர்ற தண்ணியும் சமமா இருக்கும். செடி செல்லு வெடிக்காது, செல் சுவர் தாங்கிக்கும்.

கே: மேடம் ஒரு குளுக்கோஸுக்கு ஒரு புக்குல 38 ஏடிபி, இன்னொண்ணுல 36, நெட்ல 30-32. எத எழுத?

ப: ஏடிபின்னா செல்லு தன் வேலைக்கெல்லாம் செலவழிக்குற எனர்ஜி மூலக்கூறு, காசு மாதிரி. பரீட்சைக்கு உங்க புக்குல இருக்கறத எழுதுங்க, ஆனா காரணம் தெரிஞ்சுக்கோங்க ப்ளீஸ், இதுதான் செல்லுலயே அழகான விஷயம். பழைய கணக்குல ஒரு என்ஏடிஎச்-க்கு (குளுக்கோஸ் உடையும்போது எலக்ட்ரான சுமந்துட்டு வர்ற மூலக்கூறு) 3 ஏடிபி, இப்ப சுமார் 2.5. ஏன் முழு எண்ணா வரலன்னா ஏடிபி நேரடியா உருவாகுறதில்ல, மைட்டோகாண்ட்ரியா (செல்லோட பவர்ஹவுஸ்) முதல்ல புரோட்டான உள்சவ்வுக்கு வெளிய தள்ளி சேர்த்து வைக்குது, அது திரும்பி உள்ள பாயும்போது ஒரு என்சைம் நிஜமாவே சுத்தி ஏடிபி பண்ணுது, கொஞ்சம் புரோட்டான் வழியில கசிஞ்சிடும், கொஞ்சம் வேற வேலைக்கு செலவாகிடும். 1961ல பீட்டர் மிட்செல்ங்கிற விஞ்ஞானி இத சொன்னப்ப நெறைய பேரு ஏத்துக்கல, 1978ல நோபல் குடுத்தாங்க.

கே: மைட்டாசிஸ் மியாசிஸ் குழப்புது

ப: மைட்டாசிஸ்: 46 குரோமோசோம் செல்லு ரெண்டாகும், ரெண்டுலயும் 46. மியாசிஸ்: விந்தணு, கருமுட்டைக்கு மட்டும், 23 ஆகும். இத பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும்.

கே: சிவப்பணுல மைட்டோகாண்ட்ரியாவே இல்லயாமே, எப்படி உயிரோட இருக்கு?

ப: நம்ம சிவப்பணுவுல நியூக்ளியஸும் கிடையாது. கிளைக்காலிசிஸ் (ஆக்சிஜன் இல்லாமயே குளுக்கோஸ உடைக்குறது) மட்டும்தான், குளுக்கோஸுக்கு 2 ஏடிபி, சுமக்குற ஆக்சிஜன தனக்குன்னு தொடறதே இல்ல. அந்த 2 ஏடிபிய வச்சுதான் செல் சவ்வுல இருக்குற சோடியம் பம்ப் ஓடுது, 3 சோடியம் வெளிய, 2 பொட்டாசியம் உள்ள. பம்ப் நின்னா சோடியம் உள்ள தேங்கும், பின்னாடியே தண்ணி வரும், மேல ட்ரிப்ஸ் கேள்வில சொன்ன மாதிரி ஊதிடும். இப்படியே சுமார் 120 நாள் ஓட்டிடுது.