அரிவாள் இருந்தாலே சுடலாமா?

நண்பரே, மாதிரி நீதிமன்றப் போட்டிக்கான உங்கள் வாதம் 'கையில் அரிவாள் இருந்தது, எனவே எஸ்.ஐ. சுட்டது சரி' என்று முடிகிறது. எதிர்த்தரப்பு அங்கேதான் பிடிக்கும். அந்த நொடியில் யார் உயிருக்காவது ஆபத்து இருந்ததா என்பதுதான் கேள்வி. அரிவாளை ஓங்கி வந்திருந்தால் குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்காப்புக்காக உயிரைப் பறிப்பது எப்போது செல்லும் என்று சொல்லும் 38-வது பிரிவு கைகொடுக்கும். அப்போதும் தேவைக்கு மேல் தீங்கு கூடாது என்கிறது 37. ஆனால் உங்கள் கதையில் ஆள் முதுகைக் காட்டி ஓடுகிறாரே! அதுவும் சாதாரணத் திருட்டு வழக்கு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சுமத்தப்படாதவரைக் கைது செய்யும்போது கொல்ல உரிமையில்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 43-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அப்புறம், 2014-இல் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த என்கவுன்டர் வழிகாட்டுதல்களையும் படியுங்கள். சுட்ட காவல் நிலையமே விசாரித்ததாக எழுதியிருக்கிறீர்கள், சி.ஐ.டி.யோ வேறு நிலையமோ விசாரித்திருக்க வேண்டும்.