கேள்வித்தாள் மட்டும் வைத்துச் செய்யும் பிஎச்.டி. ஆய்வுக்கும் எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி வாங்கியே ஆக வேண்டுமா?

"ஊசி போடப்போவதில்லை, ரத்தம் எடுக்கப்போவதில்லை, உட்கார்ந்து பேசத்தானே போகிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வசனத்தை நானும் என் கைடிடம் சொன்னேன். "சொல்லி முடிச்சிட்டியா? இப்ப ஃபார்மை நிரப்பு" என்றார்.

வாங்க வேண்டும். உடல்நலம் சம்பந்தப்பட்ட எதையாவது கேட்கிறீர்கள் என்றால், ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் உங்களுக்கும் பொருந்தும். சமூக அறிவியல் ஆய்வு என்பதற்காக மட்டும் தானாக விலக்கு கிடைத்துவிடாது. ஆனால் விதி இருக்கிறது என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை.

என் ஆய்வு, கொங்குப் பக்கம் நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பெண்களின் தூக்கம், இரவு ஷிப்ட் பற்றியது. ஒரு மில் நிர்வாகத்திடம் அனுமதிக் கடிதம் வாங்கினேன். வார்டன் காபி எல்லாம் கொடுத்து, "எத்தனை பேர் வேணும்னு சொல்லுங்க, நானே கூட்டிட்டு வந்து உட்கார வைக்கிறேன்" என்றார். இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? கமிட்டி கூடுவதற்குள் நான்கு பேரிடம் 'பைலட்' (முன்னோட்டம்) என்று பேசியும் விட்டேன்.

கமிட்டியில் டாக்டர்கள் இருந்தார்கள், ஒரு வக்கீல் இருந்தார். சாம்பிள் சைஸ் பற்றிக் கேட்டார்கள், மனப்பாடமாக வைத்திருந்தேன். பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கமிட்டியில் அந்த இடத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர் கேட்டார்: "நீ பேசும்போது வார்டன் எங்கம்மா உட்கார்ந்திருப்பாங்க?"

"பக்கத்துலதான் மேடம், ஆபீஸ் ரூம்ல."

"சரி. ஒரு பொண்ணுக்கு இதுல இஷ்டமில்லைன்னு வையி. அதை யார்கிட்டப் போய்ச் சொல்லணும்?"

என்னிடம் பதில் இல்லை. கூட்டி வருவதே வார்டன். லீவு கொடுப்பதும், கேட் பாஸில் கையெழுத்துப் போடுவதும் அவரேதான்.

ஆய்வு நெறிமுறைப் பயிற்சி என்றாலே டஸ்கீகியில் ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்குப் பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்த கொடுமை. கேட்கும்போது நெஞ்சு பதறும். ஆனால் 'நாமா அப்படிச் செய்யப்போகிறோம்' என்று கடந்தும் போய்விடுவோம். என்னை உறுத்தியது கம்மம். அன்றைக்கு ஆந்திராவில் இருந்த அந்த மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும் 2009-இல் பள்ளி வயதுச் சிறுமிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. 2010-இல் நிறுத்தப்பட்டது. சில சிறுமிகள் இறந்ததற்கும் ஊசிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் விடுதி வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தது அம்பலமானது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 அறிக்கையில் இதைக் கடுமையாகவே சாடியது. அங்கேயும் யாரோ ஒரு வார்டன் காபி கொடுத்திருப்பார்.

கமிட்டி என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரையும் சேர்க்காதே, விடுதிக்குள் பேசாதே, நிர்வாகம் ஆள் பொறுக்கித் தரக் கூடாது என்று குறிப்பு. அனுமதிக்கு முன் எடுத்த பைலட்டைப் பயன்படுத்தவும் முடியாது. பைலட்டும் ஆய்வுதான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டு நாள் கோபத்தில் சோறு இறங்கவில்லை.

ஒப்புதல் படிவம் தனிக்கதை. ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்ததைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். 'தங்களுக்கு ஏற்படக்கூடிய இடர்கள்' வரை கேட்டுவிட்டு, "என்னடி இது, கிரயப் பத்திரமா?" என்றார். கிழித்துப் போட்டுவிட்டு, "பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், நடுவில் எழுந்து போகலாம், போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று பேச்சு நடையில் எழுதினேன். நீங்களும் தமிழிலேயே முதலில் எழுதுங்கள். கையெழுத்து என்றால் நம் ஊரில் கடன், நிலம், போலீஸ்தான் நினைவுக்கு வரும். சிலருக்குப் பயமே அந்தக் காகிதம்தான். அப்படிப்பட்ட இடத்தில் சாட்சி முன்னிலையில் வாய்மொழி ஒப்புதல் போதுமா என்று காரணத்தோடு கமிட்டியிடம் கேட்கலாம். பெயர் இருக்கும் தாளையும் பதில் இருக்கும் தாளையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

நடைமுறை சுருக்கமாக: கமிட்டியில் 7 முதல் 15 பேர்வரை இருப்பார்கள், தலைவர் வெளி நிறுவனத்துக்காரர், கூட்டம் நடக்கக் குறைந்தது 5 பேர் வேண்டும். ஆபத்து குறைந்த ஆய்வுகளுக்கு விலக்கோ விரைவுப் பரிசீலனையோ உண்டு. பங்கேற்பவர்கள் 'வேண்டாம்' என்று சொல்லத் தயங்கும் நிலையில் இருந்தால், என்னைப் போல முழுக் கமிட்டி முன் உட்கார வேண்டியிருக்கும். உங்கள் கல்லூரியில் கமிட்டியே இல்லையென்றால் ஒப்பந்தம் போட்டு வேறொரு நிறுவனத்தின் கமிட்டியிடம் போகலாம். டேட்டா எடுத்த பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது; ஜர்னல்காரர்கள் அனுமதி எண்ணைக் கேட்கும்போதுதான் பலர் விழிக்கிறார்கள்.

கடைசியில் பொங்கல் லீவுக்கு ஊர் வந்த பெண்களை அவரவர் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். அறுபது பேர் என்று திட்டம் போட்டிருந்தேன், முப்பத்தொன்றுதான் தேறியது. பைலட்டில் பேசிய நால்வரில் ஒருத்தியும் அதில் இருந்தாள். விடுதியில் "நல்லாத் தூக்கம் வருதுக்கா" என்று ஒரே வரியில் முடித்தவள், இப்போது ஒன்றரை மணி நேரம் பேசினாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. படிவத்தில் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.