கிசெட்சுஃபூ: காற்றா, மழையா?

டோக்கியோ வந்து ஒரு மாதம், டிவி வானிலையில் அடிக்கடி 'கிசெட்சுஃபூ' காதில் விழுகிறது, அகராதியில் மான்சூன் என்று இருக்கிறது, நம்ம ஊர் பருவமழைக்கும் இதையே சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லாதீர்கள். கிசெட்சு என்றால் பருவம், ஃபூ என்றால் காற்று. மழை அதில் இல்லை. 'மான்சூன் ஆரம்பிச்சிருச்சு' என்றால் நாம் குடையைத் தேடுவோம். ஜப்பான்காரர்களுக்கு கிசெட்சுஃபூ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது குளிர்கால வடமேற்குக் காற்று. சைபீரியாவிலிருந்து கிளம்பி, ஜப்பான் கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு, நீகாத்தா பக்கம் பனியாகக் கொட்டிவிட்டு, மலை தாண்டி டோக்கியோவுக்கு வறண்டுபோய் வரும். ஜனவரியில் உதடு வெடிப்பது அதனால்தான்.

உச்சரிப்பில், கடைசி 'ஃபூ' நெடில். பல் உதட்டில் படக்கூடாது. விளக்கை ஊதி அணைப்பதுபோல் ஊதுங்கள்.

அதிகம் சறுக்குவது வினைச்சொல்லில். காற்றுக்கு 'ஃபுகு', மழைக்கும் பனிக்கும் 'ஃபுரு'. காற்று வீசுகிறது என்றால் 'ஃபுய்தே இமாஸ்'. 'ஃபுத்தே இமாஸ்' என்றால் வானத்திலிருந்து காற்று பொழிகிறது என்றாகிவிடும்.

இது செய்தி, பாடப்புத்தகச் சொல். ஆபீஸ் லிஃப்டில் சொன்னால் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கும். அங்கே 'க்யோ வா கஸெ க ட்சுயோய் தெஸ் நெ' (இன்று காற்று பலமா இருக்கு இல்ல) போதும். 'கஸெ தெஸ்' என்று மொட்டையாகச் சொன்னால் உங்களுக்குச் சளி என்று நினைத்துக்கொள்வார்கள். ஜலதோஷத்துக்கும் கஸெதான், உச்சரிப்பும் ஒன்றே.

பேச்சில் நிஜமாகவே புழங்கும் பருவக்காற்றுப் பெயர்கள் வேறு. இலையுதிர் காலக் கடைசியில் வரும் குளிர்காற்று கொகராஷி. அதன் முதல் வருகையை 'கொகராஷி இச்சிகோ' என்று வானிலை நிலையம் டோக்கியோவுக்கும் ஒசாகா வட்டாரத்துக்கும் மட்டும் அறிவிக்கும். பிப்ரவரி தொடக்கத்துக்கும் ஏறக்குறைய மார்ச் 20க்கும் இடையே முதலில் வீசும் பலத்த தெற்குக் காற்று 'ஹரு இச்சிபன்'. அன்று பால்கனியில் துணி காயப்போட்டால் கிளிப் இரண்டாகப் போடுங்கள். குன்மா பக்கத்து வறட்டுக்காற்று கரக்கஸெ. அதையும் அந்த ஊர் மனைவிமார் அதிகாரத்தையும் ஜோடி சேர்த்துப் பழமொழியே உண்டு!

நம்ம ஊர் மழையைச் சொல்ல 'உகி', அதாவது மழைக்காலம்: 'சென்னை வா ஜூகாட்சு கரா ஜூனிகாட்சு மதே உகி தெஸ்'. அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று அர்த்தம். 'ட்சுயு' வேண்டாம், அது இங்கத்திய ஜூன், ஜூலை மழை.