யூதக் கடைக்காரர்களை வைத்து எடுத்த பழைய பிரெஞ்சு நகைச்சுவைப் படம் 'லெவி அண்ட் கம்பெனி'யை இன்று பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அது எந்த வருடத்துப் படம் என்பதை மறக்காமல் பாருங்கள்.

1930-இல் ஆந்த்ரே ஹூகோன் எடுத்தது. பிரெஞ்சில் முழுக்கப் பேசிய முதல் படம் என்று சொல்லப்படும் 'மூன்று முகமூடிகள்' படத்தை 1929-இல் எடுத்தவரும் இவர்தான், பிரான்சில் அப்போது ஒலிப்பதிவு வசதி சரியாக இல்லாததால் இங்கிலாந்தில் ட்விக்கென்ஹாம் ஸ்டுடியோ வரைக்கும் போய் எடுத்தார்கள். பேச்சு வந்த கையோடு 'லெவி' மாதிரி ஒரு படம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. மோய்ஸ், சலோமோன் என்று இரண்டு வியாபாரிகள், அவர்களுக்குள் பேரம், போட்டி, வாய்ச்சண்டை. யூதத் துணுக்குப் புத்தகங்கள் மூலம் பாரிஸ்காரர்களுக்கு ஏற்கெனவே பழகிப்போன சரக்கு இது, ஊமைப்படத்தில் எடுபட்டிருக்காது. ஷார்ல் லாமியும் லெயோன் பெலியேரும் நடித்தார்கள். 1936-க்குள் வரிசையாக நான்கு படம் வந்துவிட்டது, ஒன்றில் வாசனைத் திரவியக் கடைகூட உண்டு.

அப்புறம், இது வெறுப்பில் எடுத்த படமா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த இரண்டு பேர்மேலும் படத்துக்குப் பிரியம் இருக்கிறது. என்னை உறுத்துவது வேறு. யூதன் என்றால் காசே குறி என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று என்ற தைரியத்தில்தான் அந்தச் சிரிப்பே நிற்கிறது.

பத்தே வருடம். 1940-இல் ஜெர்மானியர்கள் பாரிஸைப் பிடித்ததும், யூதர் கடை ஒவ்வொன்றும் 'யூத நிறுவனம்' என்று ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் எழுதிய மஞ்சள் அறிவிப்பைக் கண்ணாடியில் ஒட்டியாக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் சண்டை போட்ட சில கடைக்காரர்கள், தாங்கள் வாங்கிய பதக்கங்களை அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே எடுத்து வைத்தார்கள். அதை யார் மதித்தது? யூதரல்லாத நிர்வாகிகளை நியமித்துக் கடைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஹூகோனின் அந்த முதல் பேசும்படத்தைத் தயாரித்த பாத்தே-நாத்தான் கம்பெனியை நடத்திய பெர்னார் நாத்தானும் யூதர்தான். மோசடி வழக்கில் உள்ளே போனவரை அவர் பிறப்பைச் சொல்லியே பத்திரிகைகள் கிழித்தன. 1942-இல் பிரெஞ்சு அதிகாரிகளே அவரை ஜெர்மானியர் கையில் ஒப்படைத்தார்கள், ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலைமுகாமுக்கு அனுப்பிவிட்டார்கள், திரும்பவில்லை.

இதற்கெல்லாம் ஒரு நகைச்சுவைப் படத்தைக் குற்றவாளியாக்க மாட்டேன். வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் மட்டும், அந்த மஞ்சள் அறிவிப்பு பற்றி முதலில் சொல்லிவிட்டுப் படத்தைப் போடுங்கள்.