ஒட்டுச்சீட்டை நம்பாதீர்கள், அடிப்பாகத்தைப் பாருங்கள்

கேள்வி: பலெர்மோ நகரின் மரினா சதுக்கத்தில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தையில் இரண்டு கண்ணாடிப் பூச்சாடிகளை வாங்கினேன். ஒன்று கைக்குட்டையைப் போல விளிம்பு மடிந்து, வெள்ளைக் கோடுகள் ஓடுவது. அது வெனிஸ் அருகே கண்ணாடி வேலைக்குப் பெயர்பெற்ற முரானோ தீவின் வெனினி பட்டறையுடையது என்றார் விற்றவர். மற்றொன்றில் பச்சையும் மஞ்சளும் தடித்த தெளிந்த கண்ணாடிக்குள் மூழ்கியிருக்கின்றன. ‘முரானோ’ என்ற ஒட்டுச்சீட்டும் இருக்கிறது. இவற்றைச் செய்தவர் யார் என்று எப்படி அறிவது?
– வாசகி, பலெர்மோ

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். இரண்டையும் இன்னும் கழுவவில்லை என்றால் கழுவ வேண்டாம். பழைய ஒட்டுச்சீட்டு வெந்நீர் பட்டால் உரிந்துவிடும், அதன் பிறகு அதை மீட்க வழியில்லை.

கைக்குட்டை வடிவம் 1940களின் இறுதியில் வடிவமைப்பாளர் ஃபுல்வியோ பியான்கோனியும் வெனினி பட்டறையை நடத்திய பாவ்லோ வெனினியும் உருவாக்கியது. அது பெரும் வரவேற்பைப் பெற்றதால் முரானோவின் மற்றப் பட்டறைகளும் அதைச் செய்தன. ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து வெனினி என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே இருந்த சான்ஸ் பிரதர்ஸ் நிறுவனமும், கோடுகளை அச்சிட்ட தட்டைக் கண்ணாடியைச் சூட்டில் வளைத்து இதே வடிவத்தில் ஏராளமாகச் செய்தது. உங்கள் சாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முரானோ வேலையானால் வெள்ளை இழைகள் கண்ணாடியின் கனத்துக்குள்ளேயே ஓடும். அச்சு வேலையானால் கோடுகள் மேற்பரப்பில் மட்டும் படிந்திருக்கும். அதோடு, கையால் செய்த சாடியின் அடியில், வேலை நடக்கும்போது அதைத் தாங்கிப் பிடித்த இரும்புக் கம்பி ஒட்டியிருந்த இடம் ஒரு தழும்பாகவோ, தேய்த்து மழுப்பிய வட்டமாகவோ தெரியும். வளைத்த தட்டைக் கண்ணாடியில் அது இராது.

இத்தனையும் பொருந்தினால், அடிப்பாகத்தின் மீது மெல்ல மூச்சு விட்டு, படியும் ஆவியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அக்காலத்து வெனினி சாடிகளில் ‘வெனினி, முரானோ, இத்தாலியா’ என்ற சொற்கள் ரோமன் எழுத்தில், மூன்று வரியாக, அமிலத்தால் பதித்த சிறு முத்திரையாக இருப்பதுண்டு. நாள்பட்ட தேய்மானத்தில் மங்கிப்போன முத்திரைகூட மூச்சின் ஆவியில் ஒரு கணம் தெளிந்து மறையும். கையால் கீறிய கையெழுத்து இருந்தால் பூதக்கண்ணாடி வேண்டும். மேசையில் உரசி உரசி விழுந்த நுண்ணிய கீறல்கள் எழுத்துக்கு மேலே ஓடினால் கையெழுத்து பழையது; அந்தக் கீறல்களை எழுத்து வெட்டிச் சென்றால், விலையை ஏற்றுவதற்காக யாரோ பின்னாளில் எழுதியிருக்கிறார்கள் என்றே நான் முடிவு செய்வேன்.

இரண்டாவது சாடி கடினமானது, எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான். ஒரு நிறத்தை மற்றொன்றில் தோய்த்து, அதன்மேல் தெளிந்த கண்ணாடியைப் போர்த்தும் இந்த முறைக்கு ‘சொம்மெர்சோ’, அதாவது மூழ்கியது என்று பெயர். செகூசோ வெட்ரி தார்த்தே பட்டறைக்காக ஃபிளாவியோ போலி வடிவமைத்தவை இவ்வகையில் சிகரம்; அந்த வேலைக்கு 1954இல் கொம்பாசோ தோரோ என்ற இத்தாலிய வடிவமைப்பு விருது கிடைத்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கையெழுத்தின்றியே விற்கப்பட்டன. சுற்றுலாப் பயணிகளுக்காக இதே முறையில் செய்த பட்டறைகளோ பல. ‘முரானோ’ என்று மட்டும் சொல்லும் ஒட்டுச்சீட்டு தீவைச் சொல்கிறதே தவிர, பட்டறையைச் சொல்லவில்லை. உயரத்தையும் எடையையும் அளந்து, அடியையும் விளிம்பையும் படமெடுத்து, பட்டறைகளின் பழைய விலைப்பட்டியல்களிலும் வரைபடங்களிலும் உள்ள உருவங்களோடு ஒப்பிடுவதே வழி. வெனிஸின் சான் ஜோர்ஜோ மஜோரே தீவில் இருக்கும் சீனி அறக்கட்டளையின் கண்ணாடி ஆய்வு மையத்தில் அத்தகைய ஆவணங்கள் சேகரிக்கப்பட்டுள்ளன. ஒப்பீட்டில் எதுவும் பொருந்தாவிட்டால், ‘முரானோ, சொம்மெர்சோ, பட்டறை தெரியவில்லை’ என்று ஒரு சீட்டில் எழுதிச் சாடியோடு வைத்துவிடுங்கள்.