கறுப்புச் சப்பாத்தும் கைநூலும்

தங்கச்சி, அடுத்த மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடியிலிருந்து லண்டனுக்குப் படிக்க வருவதாகவும், உறவினர் ஒருவர் ஆடைக் கடையொன்றில் பகுதிநேர வேலை பேசி வைத்திருப்பதாகவும், அங்கே தோற்ற விதிகள் கடுமை என்பதால் மூக்குத்தியை ஊரிலேயே கழற்றிவிட்டு வரும்படி அவர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அறை வாடகை, வங்கிக் கணக்கு, குளிர்ச்சட்டை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றை இங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். மூக்குத்தியைக் கழற்ற வேண்டாம் என்பதை மட்டும் முதலில் எழுதிவிடுகிறேன்.

அதே மாவட்டத்தின் ஆரையம்பதியிலிருந்து நான் வந்து சேர்ந்தது 2006 ஒக்டோபரில். ஒரு பெரிய ஆடைக் கடையில் வேலை கிடைத்தது. “கறுப்பு உடையில் வாருங்கள்” என்றார்கள், வந்தேன். மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். சப்பாத்து கறுப்புத்தான், ஆனால் ஓரத் தையல் வெள்ளை. சம்பளமில்லாமல் திருப்பி அனுப்பினார்கள். அன்று சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 5.35 பவுண், புதிய சப்பாத்தின் விலை 22 பவுண். வேலை செய்யத் தொடங்கு முன்பே நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட உழைப்பு காலடியில் போய்விட்டது. அடுத்த வாரம் தலையில் தேங்காய் எண்ணெய் மணக்கிறது என்றார்கள். அதற்கடுத்த வாரம் மேலங்கியில் பொரித்த மீன் மணக்கிறது என்றார்கள். ஐந்து பேர் சமைத்துச் சாப்பிடும் ஒற்றை அறையில் கதவுக்குப் பின்னால் தொங்கும் மேலங்கி வேறெப்படி மணக்கும்? ஆயினும் இவற்றில் எனக்குக் குறையில்லை. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று உடையைச் சரிசெய்யும் வேலையில் மணமும் நகமும் வேலையின் பகுதிதான். மேலங்கியைப் பையில் கட்டி வைக்கவும், எண்ணெயை விடுமுறைக்கு முந்திய இரவில் மட்டும் வைக்கவும் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டேன்.

இன்றுவரை என்னைச் சுடுவது வேறொன்று. மாமாங்கேஸ்வரர் கோயிலில் அம்மா என் கையில் கட்டிவிட்ட நூலை, வேலைக்குப் போகும் முதல் நாள் காலையில், எங்களுக்கு முன்னர் வந்து குடியேறிய ஓர் அக்காவின் பேச்சைக் கேட்டு நானே கத்தரித்தேன். கடையில் எவரும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஊழியர் கைநூலை வாசித்தபோது, சமய அடையாளங்களை மேலாளருக்கு அறிவித்துவிட்டு அணியலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. என் அறைத் தோழி காத்தான்குடியைச் சேர்ந்தவள். அவள் முக்காட்டை அகற்றாமலே நேர்முகத்துக்குப் போனாள்; “கறுப்பு நிறத்தில் கட்டினால் போதும்” என்றார்கள், வேலை கிடைத்தது. கேட்டவளுக்குக் கிடைத்தது, கேட்காத நான் வெட்டிக்கொண்டேன்.

நம்மவர்களில் இப்படி ஒரு கூட்டம் உண்டு. வெள்ளைக்காரர் மனத்தில் நினைக்காததையும் நினைத்துக்கொண்டு, பொட்டை அழி, பெயரைச் சுருக்கு என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பார்கள். மட்டக்களப்பு என்றதும், அங்கே போனவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பழங்கதையைச் சொல்லிச் சிரிப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே.

சட்டம் அவ்வளவு மோசமில்லை. இங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, ஒரு சமயத்தவரைக் குறிப்பாகப் பாதிக்கும் உடை விதிக்கு நிறுவனம் தகுந்த நியாயம் காட்ட வேண்டும். அமெரிக்காவில் முக்காடு அணிந்த பெண்ணை, தன் தோற்ற விதிக்குப் பொருந்தாது என்று வேலைக்கு எடுக்காத ஏபர்க்ரொம்பி அன்ட் ஃபிட்ச் நிறுவனத்துக்கு எதிராக 2015இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களில் எட்டுப் பேர் தீர்ப்பளித்தார்கள். கடை வழக்கல்ல, பாடசாலை வழக்குத்தான், என்றாலும் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது தென்னாபிரிக்காவில் நடந்தது: டர்பனில் மூக்குத்தி அணிந்து சென்ற தமிழ் இந்து மாணவியின் பக்கம் 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நின்றது. இதற்காக முதல் நாளே சட்டம் பேசப் போகாதீர்கள். “விதிகளை எழுத்தில் தர முடியுமா, இந்த மூக்குத்தி எங்கள் வழக்கம்” என்று பணிவாகக் கேளுங்கள். சின்னக் கல் மூக்குத்தியைப் பெரும்பாலும் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை.

பணத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. கடையின் புதிய உடைகளையே அணிந்து நிற்க வேண்டும், கழிவு விலையில் தருகிறோம், சம்பளத்தில் கழித்துக்கொள்வோம் என்பார்கள். பல்கலைக்கழகத் தவணை நடக்கும் காலத்தில், மாணவர் விசாவில் வரும் பட்டப்படிப்பு மாணவர் வாரத்துக்கு 20 மணித்தியாலமே வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் 21 வயதினருக்கும் மூத்தோருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண் ஆனது. அந்தக் கணக்கில் வாரத்துக்கு 244.20 பவுண். வேலைக்காகக் கட்டாயம் வாங்கச் சொன்ன உடையின் விலையைக் கழித்தால் சம்பளம் அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்குமானால், அது கடையின் தவறு. குறிப்பிட்ட நிறக் காற்சட்டையும் சப்பாத்தும் கூட இந்தக் கணக்கில் சேரும். பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். சிக்கல் வந்தால், வேலையிடப் பிணக்குகளுக்கு வழிகாட்டும் அகாஸ் (Acas) அமைப்பில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

இப்போது நான் வேறொரு கடையில் துணை மேலாளர். அதே விதிகளைப் புதியவர்களுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். என் அலுமாரியில் மூன்று அளவுகளில் கறுப்புச் சப்பாத்துகள் வைத்திருக்கிறேன். தையலைக் காட்டி இதுவரை ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

குளிர்ச்சட்டையை இங்கே வாங்குங்கள், ஊரில் வாங்குவது இந்தக் குளிருக்குக் காணாது. சப்பாத்தை மட்டும் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ வாங்கி, வரும் முன்பே வீட்டுக்குள் ஒரு வாரம் போட்டு நடந்து பழகுங்கள். எட்டு மணித்தியாலம் நிற்க வேண்டிவரும். அடியும், நாடாவும், ஓரத் தையலும் கறுப்பா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.