பாம்பை மட்டும் கழுவினால் உண்ணி போகாது

கேள்வி: என் பால் பைத்தான் (ball python) பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறது. தாடைக்கு அடியில் மிளகுத்தூள் போல ஏதோ ஊர்கிறது. விற்றவர் கொடுத்த ஸ்பிரேயை அடித்தேன். போனது போலிருந்து, இரண்டே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: உண்ணிதான், சந்தேகமில்லை. ஸ்பிரே பாம்பின் மேல் இருந்தவற்றைக் கொன்றிருக்கலாம். ஆனால் முட்டைகள் அங்கே இல்லையே! ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, மரப்பட்டை இடுக்கு, மூடியின் விளிம்பு என்று இருட்டும் ஈரமுமான இடத்தில் முட்டையிடும். ஒன்றே 60 முதல் 80 வரை இடும். கூண்டின் வெதுவெதுப்பில் அவை பொரித்து, வளர்ந்து பெருக இரண்டு, மூன்று வாரம் போதும்.

அதனால் கூண்டிலிருந்து தொடங்குங்கள். விரிப்பையும் மரத்துண்டுகளையும் பையில் இறுகக் கட்டி வெளியே போடுங்கள். மனசு வராது, ஆனாலும் போடுங்கள். வெந்நீரும் சோப்பும் விட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் காயவிட்டு, வெறும் வெள்ளைக் காகிதம் விரியுங்கள். உண்ணி இருந்தால் கண்ணில் படும். காகிதத்தை அடிக்கடி மாற்றுங்கள். பாம்பைத் தண்ணீரில் ஊறவிட்டால் நிறைய உண்ணி சாகும், தலைக்கு ஏறியவை தப்பிவிடும். மருந்து என்றால், ஃபிப்ரோனிலைத் துணியில் நனைத்து, கண்ணும் வாயும் தவிர்த்துத் துடைப்பது வழக்கம். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். கூண்டுக்கு அடித்த மருந்து நன்றாகக் காய்ந்த பிறகே பாம்பு உள்ளே போகலாம். உண்ணி கண்ணில் படாமல் போன பிறகும் ஒரு மாதம் விடாதீர்கள்.

சரி, அந்த ஸ்பிரே. பாட்டிலில் மருந்தின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் தூக்கி எறியுங்கள். பாம்போடு சேர்த்து உண்ணி மருந்தையும் தயாராக வைத்திருப்பவரின் கூண்டுகளில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். கேட்டால் 'விரிப்புத் தூசி' என்பார்கள். பூச்சிகொல்லிப் பட்டையைக் கூண்டில் தொங்கவிடச் சொல்வோரும் உண்டு. அதிலிருந்து வரும் நச்சு ஆவி பாம்பின் நரம்பையும் தாக்கும்.

ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைப் போடச் சொல்வார்கள். மருத்துவர் அளந்து கொடுத்தால் உங்கள் பாம்புக்குச் சரிதான். வீட்டில் ஆமை இருக்கிறதா? ஆமைக்கு அது விஷம், உடல் செயலிழந்து செத்தே போகலாம். 'ஒரு சொட்டுதானே' என்று ஆமைக்குப் போடாதீர்கள். அந்தக் கரைசலைக் கலந்த பாத்திரத்தில் ஆமைக்குத் தண்ணீர் வைக்காதீர்கள். பாம்புக்கு மருந்து போட்ட கையைக் கழுவாமல் ஆமையைத் தூக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் இதையெல்லாம் மருந்துப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை. அதில் நாய் படமும் மாட்டுப் படமும்தான் இருக்கும். ஊர்வன பார்க்கும் மருத்துவரைத் தேடிப் பிடிப்பதே பெரும் பாடு. கால்நடைப் படிப்பிலேயே பாம்புக்கு இடம் கொஞ்சம்தான். அப்புறம் மக்கள் விற்பவரிடம் போகாமல் என்ன செய்வார்கள்?

அதே அறையில் வேறு பாம்பு இருந்தால் அதற்கும் சேர்த்தே வைத்தியம் செய்யுங்கள். உங்கள் பைத்தானின் வாய்க்குள் வெளுத்திருந்தாலோ, அது துவண்டு கிடந்தாலோ ரத்தம் குறைந்திருக்கலாம். அப்போது கூண்டு கழுவிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.